அப்பாவின் கன்னமும் ஐயாயிரம் ரூபாய் ரேசரும்

ஐந்து ரூபாய்க்குள் பிளேடு கிடைக்கிற ஊரில், அதைப் பிடித்துக்கொள்ள ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு ரேசர் எதற்கு? நியாயமான கேள்வி. நானும் பி.காம். படித்தவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது என்னிடம் வந்து இப்படி ஒன்று வாங்கினேன் என்றிருந்தால், அவருடைய மற்ற செலவுகளையும் சேர்த்துச் சந்தேகப்பட்டிருப்பேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபின் அவருக்குச் சவரம் செய்துவிடும் வேலை எனக்கு வந்தது. நீங்கள் இன்னொருவர் முகத்தில் சவரம் செய்து பார்த்திருக்கிறீர்களா? சலூன்காரர் மீது திடீரென்று பெரிய மரியாதை வந்துவிடும். நம் முகத்தில் பிளேடு கோணலாகப் போனால் சுருக்கென்று தோலே சொல்லிவிடுகிறது. அடுத்தவர் முகத்தில் அந்தத் தகவல் நம் கைக்கு வராது. பல் போய் ஒட்டிய கன்னம், தொளதொளத்த தோல், கழுத்தில் நாலு திசையிலும் வளரும் நரைமுடி. போதாததற்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேறு சாப்பிடுகிறார். கடுகளவு கீறினாலும் பஞ்சை அழுத்திக்கொண்டு வெகுநேரம் உட்கார வேண்டும்.

முதலில் எடுத்தது ஐந்து பிளேடு கார்ட்ரிட்ஜ். (கம்பெனி பெயர் வேண்டாம்.) நாலு நாள் தாடி, கட்டிலோரம் ஒரு மக் தண்ணீர். இரண்டாவது இழுப்பிலேயே பிளேடுகளின் இடுக்கெல்லாம் முடியும் நுரையும் அப்பிக்கொண்டன. மக்கில் எத்தனை உதறியும் போகவில்லை. அடைத்த ரேசர் நகர வேண்டுமென்றால் அழுத்த வேண்டும். அழுத்தினேன். தாடைக்குக் கீழே வெட்டிவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு இப்போது பேச்சு சரியாக வருவதில்லை.

இந்த மக் தண்ணீர் பெரிய கம்பெனியையே திணற வைத்திருக்கிறது. கில்லெட் நிறுவனம் இந்தியாவுக்கென்று ஒரு ரேசரைச் செய்து, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம் முதலில் கொடுத்துப் பார்த்தது. ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார்கள். இந்தியாவுக்குக் கொண்டுவந்தால், அடைத்துக்கொண்டது. அங்கே குழாய்த் தண்ணீர். இங்கே பலருக்கு ஒரு கிண்ணத் தண்ணீர்தான். பிறகு நம் வீடுகளுக்கே வந்து உட்கார்ந்து, நாம் சவரம் செய்வதைப் பார்த்துவிட்டுப் போய், 2010-ல் 'கில்லெட் கார்ட்' என்ற ஒற்றை பிளேடு ரேசரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது விலை 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். அதே கம்பெனி 2006-ல் ஐந்து பிளேடு ரேசரை விஞ்ஞானத்தின் உச்சம் என்கிற தோரணையில் விற்க ஆரம்பித்திருந்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

அப்பாவுக்கு இரண்டு மாதம் அந்த கார்ட்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புறம் ஏன் மாறினீர்கள் என்பீர்கள். எனக்கு ஆசை வந்துவிட்டது. அப்பாவைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

சரி, கொடுக்கிற காசு எதற்குப் போகிறது? கூர்மைக்கு இல்லை. கூர்மை பிளேடில் இருக்கிறது. நாலு ரூபாய் பிளேடு போதிய கூர்மைதான். கனம் வெறும் 0.1 மில்லிமீட்டர். ரேசர் அதைக் கொஞ்சம் வில்லாக வளைத்து, மேல்மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் கவ்விப் பிடிக்கிறது. கவ்விய இடத்திலிருந்து முனை எவ்வளவு வெளியே நீள்கிறதோ, அவ்வளவுக்கு முரட்டு முடியில் பட்டு அதிரும். மூடியும் தடுப்பு விளிம்பும் தோலைத் தொடுகிற கோட்டைத் தாண்டி முனை எவ்வளவு எட்டிப்பார்க்கிறதோ, அவ்வளவு ஆபத்து. இந்த இரண்டு அளவையும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்திருப்பதற்குத்தான் பணம். மற்றதெல்லாம் பளபளப்பு.

ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன ஊர் ஸோலிங்கன். அங்கே செய்யும் மெர்க்கூர் 34சி குட்டையாக, தடிமனாக இருக்கும். எடை எண்பது கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த எடையே வேலை செய்கிறது, நீங்கள் அழுத்த வேண்டாம். தலை துத்தநாகக் கலவையில் வார்த்தது, மேலே குரோம் பூச்சு. இதன் போட்டியாளர்களான ஜெர்மனியின் ம்யூலே ஆர்89, ஷெஃபீல்டின் எட்வின் ஜாகர் டிஇ89 இரண்டுக்கும் தலையமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இரு கம்பெனிகளும் சேர்ந்து உருவாக்கியது. எனவே கைப்பிடியின் அழகைப் பார்த்து எதை வாங்கினாலும் சரி. துத்தநாக வார்ப்பு ஓங்கித் தரையில் விழுந்தால் உடையலாம். எஃகுக்கு அந்தப் பயமில்லை.

எஃகு என்றால் ஜப்பானின் ஃபெதர் ஏஎஸ்-டி2. அறுவைசிகிச்சைக் கத்தி செய்கிற கம்பெனி. அவர்களுடைய பிளேடு ரொம்பக் கூர்மை என்று பெயர் வாங்கியது; ரேசர் அதற்கு நேர்மாறாகப் பரம சாது. நண்பர் ஒருவர் இரவல் கொடுத்தார். வழுக்கிக்கொண்டு போகிறது. ஆனால் விலை மெர்க்கூரைப்போல மூன்று நாலு மடங்கு. சவரம் மூன்று மடங்கு நன்றாக இல்லை. திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்பிளேடு என்று ஒரு அமெரிக்க ரேசர், 2015 வாக்கில் வந்தது. (பிலிப்ஸ் அதே பெயரில் விற்கும் மின்சாரச் சாதனம் வேறு.) எஃகில் செய்த மாடல் சில நூறு டாலர். தலை கார்ட்ரிட்ஜ் மாதிரி முன்னும் பின்னும் அசைந்து கொடுக்கும். புதிதாக ஆரம்பிப்பவருக்கு வசதி. ஆனால் இதில் நம் கடையில் கிடைக்கும் பிளேடு பொருந்தாது. ஃபெதர் செய்யும் ஒரு தனி ரகம்தான் வேண்டும். ஒன்று ஏறத்தாழ ஒரு டாலர்.

இங்கே என்னுள் இருக்கும் பி.காம். விழித்துக்கொள்கிறான். ரேசரைச் சும்மா கொடு, பிளேடில் சம்பாதி என்பது கில்லெட்டின் தந்திரம் என்று எங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். உண்மை வேறு. கிங் கேம்ப் கில்லெட் 1903-ல் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. ரேசர் விலை 5 டாலர், அந்தக் காலத்துக்கு நல்ல பணம். 1904-ல் பெற்ற காப்புரிமை 1921-ல் முடியும்வரை அந்த விலையை உயரத்திலேயே வைத்திருந்தார். மலிவு ரேசர் வந்தது அதற்குப் பிறகுதான். ஒன்பிளேடு இரண்டையும் ஒன்றாகச் செய்கிறது: ரேசரும் விலை, பிளேடும் விலை. நான் வாங்க மாட்டேன்.

அப்பாவுக்கு ஜெயித்தது கனடாவின் ஹென்சன் ஏஎல்13. விமான உதிரிபாகம் கடைந்துகொண்டிருந்தவர்கள் செய்தது. அலுமினியம், அதன் அணு எண் 13, அதுதான் பெயர். எடை மெர்க்கூரில் பாதிகூட வராது. எனக்கே முதலில் பொம்மை மாதிரி இருந்தது. ஆனால் பிளேடை முனைக்கு ரொம்பப் பக்கத்தில் கவ்வுகிறது. வெளியே தெரியும் முனை 0.0013 அங்குலம் என்கிறார்கள், அதாவது பிளேடின் கனத்தில் மூன்றில் ஒன்று. மூடியின் சரிவைத் தோலில் படிய வைத்தால் கோணம் தானாக முப்பது டிகிரிக்கு வந்துவிடுகிறது. அடுத்தவர் கன்னத்தில் எனக்குக் கிடைக்காத அந்தத் தகவலை ரேசரே வைத்துக்கொள்கிறது. இடுக்கு சின்னது என்பதால் அதிக தாடிக்கு அடிக்கடி அலச வேண்டும். மேல்மூடியைத் தளர்த்தி மக்கில் ஒரு முக்கு, முடிந்தது. இதையே டைட்டானியத்தில் பல மடங்கு விலைக்கும் விற்கிறார்கள். தலையின் அளவுகளில் மாற்றமில்லை. அது நகைக்கடை சமாசாரம்.

மிச்சமாகும் என்று சொல்லி யாரும் வாங்காதீர்கள். கார்ட்ரிட்ஜ் ஒன்று இருநூறைத் தாண்டுகிறது; மாதம் ஒன்று என்றால் வருஷத்துக்கு 2,400. மாதம் ஆறு பிளேடு, நாலு ரூபாய் வீதம், வருஷத்துக்கு 288. ஐயாயிரம் இரண்டரை வருஷத்தில் திரும்பி வந்துவிடும், கணக்கு சரிதான். ஆனால் முந்நூறு ரூபாய் ரேசர் வாங்கினால் இரண்டே மாதத்தில் வந்துவிடும். மிச்சக் கதை வீட்டில் கணக்குக் காட்டத்தான்.

என் முகத்துக்கு மெர்க்கூர், அப்பாவுக்கு ஹென்சன் என்று இப்போது ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை முடிந்ததும் அப்பா இடது கையால் கன்னத்தைத் தடவிப் பார்ப்பார். போன வாரம் மோவாய்க்குக் கீழே ஒரு இடத்தில் விரல் நின்றது. என்னைப் பார்த்தார். மறுபடி நுரை போட்டேன்.