ஒரு துளி கிளிசரினும் சொல்லாமல் விட்ட காரணமும்

உயிரியல் செய்முறை நூல்களைப் புரட்டிப் பாருங்கள். தண்டின் குறுக்குவெட்டுப் பாடம் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் முடியும்: சாஃப்ரனின் சாயமேற்றி, ஒரு துளி கிளிசரின் விட்டு, காற்றுக்குமிழி புகாமல் கவர் ஸ்லிப்பால் மூடி நோக்க வேண்டும். மெல்லிய சீவல் எடுப்பதையும், ஊசியால் தாங்கிக் கவர் ஸ்லிப்பைச் சாய்வாக இறக்குவதையும் இந்நூல்கள் தெளிவாகக் கற்பிக்கின்றன. அதற்காக அவற்றைப் பாராட்டலாம். ஆனால் கிளிசரின் ஏன் என்பதை அவை விளக்குவதில்லை. சாதாரண நுண்ணோக்கியில் இக்குறை வெளியே தெரியாது. உடனொளிர்வு நுண்ணோக்கியிலோ மாணவரின் உழைப்பு முழுவதையும் அது வீணாக்கிவிடும்.

குறைந்த அலைநீள ஒளியை ஏற்று, உடனே நீண்ட அலைநீள ஒளியை வெளிவிடுவதே உடனொளிர்வு. 1852-இல் ஸ்டோக்ஸ் இதை விளக்கினார்.

கொல்லிமலையின் குண்டனி நாட்டு மாணவி ஒருத்தி மிளகுக்கொடியின் தண்டைச் சீவி எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். புற ஊதா ஒளியில் அதன் லிக்னின் நீலமாகவும் பச்சையம் சிவப்பாகவும் ஒளிரும், சாயமே தேவையில்லை. அதைக் காட்டும் நுண்ணோக்கி நகரத்து ஆய்வகத்தில் இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஸ்லைடு கெடாமல் போய்ச் சேர வேண்டும். எனவே நூலின் 'நிலையான தயாரிப்பு' என்னும் பகுதியை நம்பி, சீவலை ஆல்கஹாலில் நீர் நீக்கி, சைலீனில் இட்டு, கனடா பால்சத்தில் பதிக்கிறாள்.

விளைவு என்ன? ஆல்கஹால் பச்சையத்தைக் கரைத்துவிடும். இலையை ஆல்கஹாலில் சூடாக்கி ஸ்டார்ச் சோதனை செய்தவர்கள் இதை நன்கு அறிவர். பால்சமோ தானே ஒளிர்ந்து பின்னணியைக் கெடுக்கும். ஒளித்தொகுப்புப் பாடத்தில் தானே கற்பித்ததை, ஸ்லைடு தயாரிக்கும் பாடத்தில் நூல் மறந்துவிட்டது!

கிளிசரினின் சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. அது நீருடன் கலக்கும். ஆகவே ஆல்கஹால் வேண்டியதில்லை. எளிதில் உலர்வதில்லை. அதன் ஒளிவிலகல் எண் 1.47, நீருக்கு 1.33, கண்ணாடிக்குச் சுமார் 1.52. கண்ணாடியை நெருங்கிய எண் ஆதலால், ஒளி வழியில் அதிகம் சிதறாமல் உருவம் தெளிவாகிறது.

செல்களுக்கு ஒளிர்சாயம் ஏற்றும்போது மற்றொரு தொல்லை உண்டு. மஞ்சள் தோய்ந்த துணி வெயிலில் வெளுப்பதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். ஒளிர்சாயமும் அப்படியே, நாம் பார்க்கப் பார்க்க வெளுத்துப் போகும். ஒளி பட்டுக் கிளர்ச்சியுற்ற சாய மூலக்கூறுகளை ஆக்சிஜன் சிதைப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமலிருக்கச் சேர்க்கும் புரோப்பைல் காலேட் என்ற பொருளே இந்த வெளுப்பையும் குறைக்கிறது என்று 1982-இல் 'சயன்ஸ்' இதழில் கீலோ, சேடட் என்னும் இருவர் எழுதினர். ஃப்ளூரசீன் என்ற சாயம் அமிலச் சூழலில் மங்கும். அதனால் அதற்கான கிளிசரினைச் சற்றுக் காரத்தன்மையுடன் தயாரிக்கிறார்கள்.

பிசினில் பதிப்பதே தவறு என்பதல்ல நம் வாதம். சில சாயங்கள் அதையும் தாங்கும். எந்தச் சாயத்துக்கு எந்த ஊடகம் என்று கேட்கும் பழக்கத்தை நூல் ஊட்டவில்லை என்பதே குறை. 'நிலையான' என்ற சொல் செல்லின் வடிவத்துக்குப் பொருந்தலாம்; அதன் ஒளிர்வுக்குப் பொருந்தாது.

அடுத்த பதிப்பில் சில வரிகள் சேர்த்தால் போதும். ஊடகத்தைத் தேர்ந்த காரணம். கவர் ஸ்லிப்பின் விளிம்பை நகப்பூச்சால் அடைத்து, ஸ்லைடை இருட்டில், குளிர்ச்சியில் படுக்கவைக்கும் முறை. ஒளிர்வு மங்குமுன் படமெடுத்து, சாயம், ஊடகம், தேதி மூன்றையும் ஸ்லைடின் மேல் குறிக்கும் பழக்கம். அவ்வளவுதான். மலையிறங்கி வரும் மாணவி நுண்ணோக்கியில் கண் வைக்கும்போது, அவள் தேடி வந்த சிவப்பும் நீலமும் அங்கே இருக்க வேண்டுமல்லவா?