தகப்பன் எங்கே நின்றான்?

நம் சிறுகதைகளில் பிள்ளைப்பேறு வரும் இடங்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். உள்ளே உம்மா, மாமி, மருத்துவிச்சி. வெளியே விறாந்தையில் தகப்பன். கையில் சிகரெட் எரிகிறது. அல்லது தஸ்பீஹ் உருள்கிறது. ஒரு வீறல் கேட்கிறது. யாரோ ஒருத்தி கதவைத் திறந்து "ஆம்புளப் புள்ள" என்கிறாள். அடுத்த பந்தியில் பிள்ளைக்கு ஏழு வயது. கதவுக்கு அந்தப் பக்கம் நடந்தது என்ன என்று நம் ஆண் எழுத்தாளர்கள் கேட்பதில்லை. இந்தப் பக்கம் நின்றவனுக்கு ஏதும் வேலை இருந்ததா என்றும் கேட்பதில்லை.

இது இன்று நேற்று வந்த குறையல்ல. பெற்றுத் தருவது தாயின் கடன், சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன் என்று புறநானூற்றிலேயே பொன்முடியார் பங்கு பிரித்துவிட்டார். பிள்ளைத்தமிழ் மூன்றாம் மாதத்துக் காப்புப் பருவத்தில்தான் தொடங்குகிறது. நபிகள் நாயகம் மீது பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்களுக்கும் அந்த மரபே வழி. சீறாப்புராணத்தின் முதற் காண்டம் பிறப்பின் பெயரால் விலாதத்துக் காண்டம் எனப்படுகிறது; நபியவதாரப் படலமும் அதில் உண்டு. ஆனால் அங்கே தகப்பன் இல்லாததற்கு வரலாறே காரணம். அப்துல்லாஹ் அதற்கு முன்பே மறைந்துவிட்டார். மர்யம் (அலை) பேரீச்ச மரத்தடியில் நோவுபட்டதும் தனியேதான். நாம் போற்றும் இந்த இரு பிறப்புகளிலும் தகப்பன் இல்லை. அந்த வெற்றிடத்தையே நாம் இலக்கிய மரபாக எடுத்துக்கொண்டோமோ என்பது எனது ஐயம்.

இந்த ஐயம் புத்தகத்தால் வந்ததல்ல. 2016 மே மாதம், அரநாயக்கவில் சாமசர மலை சரிந்த அதே கிழமை, தெஹியோவிட்டவில் எங்கள் வீட்டுப் பாதையும் மண்ணால் மூடிக் கிடந்தது. குறித்த நாளுக்குப் பத்து நாள் இருக்க, நடுச்சாமத்தில் மனைவிக்கு நோவு கண்டது. மேலே லயத்தில், ஒரு காலத்தில் தோட்டத்தில் பேறு பார்த்த வயதான அம்மா ஒருவர் இருந்தார். டோர்ச்சோடு போய்க் கூட்டி வந்தேன். தண்ணீர் கொதிக்க வைக்கச் சொன்னார், வைத்தேன். புது பிளேட் ஒன்றை அவிக்கச் சொன்னார், அவித்தேன். பிறகு, கதைகளில் படித்த வழக்கப்படி, விறாந்தைக்குத் திரும்பினேன்.

"எங்க மாஸ்டர் போறீங்க? பொறத்தால ஒக்காந்து தாங்கிப் புடிங்க" என்றார்.

பிடித்தேன். மூன்று மணித்தியாலம். பாடமான துஆக்கள்கூடப் பாதியில் மறந்தன. மகள் பிறந்தாள். வலது காதில் அதான் சொல்லும்போது என் குரல் உடைந்தது. கதையென்றால் அங்கே முற்றுப்புள்ளி விழுந்திருக்கும். ஆனால் இரத்தம் நிற்கவில்லை. "இனி என் கையில இல்ல மாஸ்டர், ஆள் கூட்டுங்க" என்றார் அந்த அம்மா. ஓடினேன். லயத்துப் பையன்கள் நால்வர் அவளைக் கதிரையில் வைத்துத் தூக்கி, சேற்றில் ஏறி இறங்கி, மண்சரிவுக்கு அப்பால் நின்ற வானில் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றினார்கள். தாயும் மகளும் இன்று நலமே. அன்றிரவு என்னால் ஆனது இரண்டுதான்: பிடித்தது, ஓடியது.

அதன்பின் மூஸா (அலை) அவர்களின் வரலாறு எனக்கு வேறாகத் தெரிந்தது. இரவுப் பயணம். தூரத்தில் நெருப்பு. குடும்பத்தை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுக் கொள்ளி எடுத்துவரப் போகிறார். மனைவி அப்போது பேற்று நோவில் இருந்தார் என்று தப்ஸீர் ஆசிரியர்கள் சிலர் எழுதுகின்றனர். அப்படியானால் நுபுவ்வத்தின் அழைப்பு வந்தது, நோவுற்ற மனைவிக்காக நெருப்புத் தேடிப் போன கணவருக்கு. கூடாரத்தில் நோவுபட்ட வழிப்போக்கர் ஒருவரின் மனைவிக்குத் துணையாக உமர் (ரலி) தம் மனைவியையே அழைத்து வந்து, வெளியே தாம் அடுப்பு மூட்டிய செய்தியைப் பயான்களில் கேட்டிருக்கிறோம். அந்த அடுப்பின் சூடு நம் கதை ஒன்றிலாவது உண்டா?

வீட்டுப் பிரசவத்தைப் புகழ்ந்து எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2018 ஜூலையில் திருப்பூரில், காணொளி பார்த்துப் பிரசவம் பார்க்க முனைந்த வீட்டில், தாய் இரத்தப்போக்கால் இறந்தார். 2025 ஏப்ரலில் கேரளத்தின் மலப்புறத்தில், ஐந்தாவது பிள்ளையை வீட்டிலேயே பெற்ற ஒரு முஸ்லிம் சகோதரி மௌத்தானார். இரு இடங்களிலும் கணவன் வீட்டில்தான் இருந்தான். அருகில் இருந்தது பிழையல்ல. உரிய நேரத்தில் உதவி வந்து சேராததே பிழை. நம் நாட்டில் இன்று 100க்கு 99க்கும் அதிகமான பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன; அது பெரும் பேறு. பிரசவத்தின்போது தாய் விரும்பும் ஒருவர் துணையிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. அந்த ஒருவர் யாராக இருக்கலாம் என்று இலக்கியமும் யோசிக்கலாம். பாசமுள்ள தகப்பனை மட்டுமல்ல, தன் கைக்கு எட்டாததை அறிந்து ஓடும் தகப்பனையும் நாம் எழுதிக்காட்ட வேண்டும்.

ஆசிரியர் கலாசாலையில் பயின்ற நாளில், கையெழுத்துச் சஞ்சிகைக்கு நானும் ஒரு விறாந்தைக் கதை எழுதியவன். அண்மையில் அதைத் தேடியெடுத்து மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். தகப்பன் உலாவும் இடத்தில் நிறுத்தினாள்.

"இவன் என்னத்துக்குச் சும்மா நடக்கிற? தண்ணி கொதிக்க வெக்கச் சொல்லுங்க" என்றாள்.

என் கதைக்கு வந்த விமர்சனங்களில் சரியானது அதுதான்.