ஒரு நாள் சமத்துவம்

கதையில் பண்டிகை வந்தால் எனக்குக் கொஞ்சம் பயம். பெரும்பாலும் கதையை ஒரு மூலையில் உட்கார்த்தி வைத்துவிட்டுத்தான் பண்டிகையை எழுதுகிறார்கள். அடுக்களையில் எண்ணெய் காயும், புதுத் துணி மணக்கும், பாட்டி அதட்டுவாள், குழந்தைகள் ஓடும். பிறகு ஆசிரியர் கையைத் துடைத்துக்கொண்டு கதைக்குத் திரும்புவார். அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டாலும் நாவலுக்கு ஒரு நஷ்டமும் வராது.

கிழித்தால் நாவலே இல்லாமல் போகக்கூடிய பண்டிகை எங்கேயாவது உண்டா என்று கேட்டால், டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு' நாவலைத்தான் நான் காட்டுவேன். 1899-ம் ஆண்டில், எழுபது வயதைக் கடந்த பிறகு அவர் வெளியிட்ட நாவல் அது. கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஒரு வியாபாரிக்கு விஷம் கொடுத்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டு, மாஸ்லவா என்ற விலைமகள் கூண்டில் நிற்கிறாள். ஜூரிகளில் ஒருவனாக உட்கார்ந்திருக்கும் நெஹ்லூதவ் என்ற பிரபு அவளை அடையாளம் கண்டுகொள்கிறான். தன் அத்தைமார் வீட்டில் வளர்ந்த காத்யூஷா அல்லவா இவள்! அவளை முதலில் கெடுத்தவன் அவனேதான்.

அந்தக் கிராமத்து வீட்டில் காத்யூஷாவின் ஸ்தானம் என்ன? பண்ணையில் வேலை செய்த ஒருத்திக்குப் பிறந்த அநாதை அவள். அத்தைமார் எடுத்து வளர்க்கிறார்கள். பாதி வளர்ப்பு மகள், பாதி வேலைக்காரி. தையல் வேலை செய்வாள், அறைகளைத் துப்புரவாக்குவாள். சில சமயம் எஜமானிகளுக்குப் புத்தகமும் படித்துக் காட்டுவாள். பெயரில்கூட இந்த இரண்டுங்கெட்டான் நிலை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேலைக்காரியை அதட்டிக் கூப்பிடுகிற 'காத்கா'வும் இல்லை, செல்ல மகளைக் கொஞ்சுகிற 'காத்தென்கா'வும் இல்லை. நடுவில் நிற்கிற 'காத்யூஷா'. ஒரு பெயரைக் கொண்டே ஒரு குடும்பத்தின் மனசை அளந்து காட்டிவிடுகிறார் டால்ஸ்டாய்.

இளம் ராணுவ அதிகாரியாக, படையில் சேரப் போகும் வழியில், நெஹ்லூதவ் அத்தைமார் வீட்டுக்கு வருகிறான். மார்ச் மாதக் கடைசி. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வெள்ளி. கொட்டுகிற மழையில் தெப்பமாக நனைந்து வந்து இறங்குகிறான். கூரையிலிருந்து சரிந்த பனி முற்றத்தில் இன்னும் குவிந்து கிடக்கிறது. சனிக்கிழமை இரவு பாதிரியார் வீட்டுக்கே வந்து பூஜை நடத்துகிறார். அது முடிந்து படுக்கப் போகிறவன் காதில் ஒரு பேச்சு விழுகிறது: கிழவி மத்ரியோனாவும் காத்யூஷாவும் பண்டிகைப் பலகாரங்களை மந்திரிக்கக் கோயிலுக்கு எடுத்துப் போகிறார்கள். உடனே இவனும் புறப்பட்டுவிடுகிறான். வண்டியும் போக முடியாது, சறுக்கு வண்டியும் போக முடியாது, அப்படிப்பட்ட பாதை. குதிரைமேல் ஏறி, இருட்டில், குட்டைகளையும் பனியையும் மிதித்துக்கொண்டு போகிறான்.

கோயிலில் ஊரே கூடியிருக்கிறது. வெள்ளைத் துணியைக் காலில் சுற்றிய கிழவர்கள், பளிச்சென்ற இடுப்புக் கச்சையோடு வாலிபர்கள், தலையில் எண்ணெய் தடவிய குழந்தைகள். வெள்ளை உடையும் நீலக் கச்சையும் கருங்கூந்தலில் சிவப்பு முடிச்சுமாக காத்யூஷா. இந்த மெழுகுவர்த்திகளும் பாட்டும் பொன்னும் அவளுக்காகவே இருப்பதாக அவனுக்குத் தோன்றுகிறது. வெளியே வந்ததும் ஒரு பிச்சைக்காரன் அவளை நெருங்குகிறான். மூக்கு இருந்த இடத்தில் சிவந்த தழும்புதான் இருக்கிறது. அவள் கொஞ்சமும் முகம் சுளிக்காமல், பண்டிகை வழக்கப்படி, அவனை மூன்று முறை முத்தமிடுகிறாள். இன்று எல்லோரும் சமம் என்கிற தொனியில் கிழவி மத்ரியோனா நெஹ்லூதவுக்கு வாழ்த்துச் சொல்கிறாள். அவனும் காத்யூஷாவும் இரண்டு முறை முத்தமிட்டு ஒரு கணம் தயங்குகிறார்கள். பிறகு, வேண்டும்தான் என்று தீர்மானித்தவர்களைப் போல, மூன்றாவது முறையும் முத்தமிட்டுப் புன்னகை செய்கிறார்கள்.

நாவல் முழுவதிலும் இதைவிடத் தூய்மையான இடம் கிடையாது. அந்தப் பண்டிகை நாள் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இரவு, மூடுபனிக்குள் ஆற்றின் பனிக்கட்டி உடைந்து நொறுங்கும் சத்தம் கேட்கிறது. வசந்தம் வருகிற சத்தம்தான். அந்தச் சத்தத்தினூடே அவன் அவள் ஜன்னலைத் தட்டுகிறான். ஊரை விட்டுப் போகும்போது நூறு ரூபிள் நோட்டு ஒன்றை அவளிடம் திணித்துவிட்டுப் போகிறான். எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்!

அந்த உற்சவம் அழகான திரை, அதன் பின்னால் நடந்த அக்கிரமமே உண்மை என்று இந்த இடத்தைப் படிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. உற்சவமும் உண்மை, அந்தச் சமத்துவமும் உண்மை. ஆனால் அதற்கு ஆயுள் ஒரு நாள்தான். மறுநாள் வீடு பழையபடி எஜமானர்களின் வீடாகிவிடுகிறது. பாதி மகளாக இருந்தவள் முழு வேலைக்காரியாகிவிடுகிறாள். அவளை ஒரு முறையாவது சமமாக முத்தமிட்டவன் என்பதால்தான் அவன் செய்த குற்றம் மன்னிக்க முடியாததாகிறது. அந்த இரவு இல்லாவிட்டால் அவன் ஆயிரம் மைனர்களில் ஒருவன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எழுதிய காலத்தில் டால்ஸ்டாய் சபையின் சடங்குகளில் நம்பிக்கை இழந்திருந்தார். இதே நாவலில் சிறைக் கோயிலில் நடக்கும் பூஜையை ஈவிரக்கமில்லாமல் கேலி செய்கிறார். 1901-ம் ஆண்டில் சபை அவரை விலக்கியே வைத்தது. அப்படிப்பட்டவர் கிராமத்து ஈஸ்டரை எழுதும்போது மட்டும் கேலியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறார். உபதேசி வாயை மூடிக்கொள்ள, கலைஞன் பேசுகிறான். பிற்பகுதியில், மனம் திருந்திய நெஹ்லூதவ் தத்துவம் பேசிக்கொண்டே போகும் பக்கங்களில், எனக்கு இந்தக் கலைஞனைத் தேட வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒரு இடத்தில் அவன் கட்டாயம் திரும்பி வருகிறான். இலையுதிர் காலம், காற்றும் மழையுமான இரவு. கர்ப்பிணியான காத்யூஷா ரயில் நிலையத்துக்கு ஓடுகிறாள். வெளிச்சமான முதல் வகுப்புப் பெட்டியில் அவன் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான். வண்டி நகர்கிறது, அவளும் கூடவே ஓடுகிறாள். கடவுள், நன்மை என்பதெல்லாம் வெறும் ஏமாற்று என்று அவள் முடிவு கட்டுவது அன்றைக்குத்தான். மூக்கில்லாத பிச்சைக்காரனை முத்தமிட்ட பெண்ணின் நம்பிக்கை அங்கே சாகிறது. ஈஸ்டர் அத்தியாயத்தின் மறுபாதி இதுதான். வசந்த இரவில் அவளுக்கு என்ன இருந்தது என்று நாம் கண்ணால் பார்த்திருப்பதால்தான், இந்த மழை இரவில் அவள் எதை இழந்தாள் என்று தெரிகிறது. இப்படி ஒரு பாத்திரம் இழக்கப்போவதை முன்கூட்டி வாசகனுக்குக் காட்டிவிடுகிற பண்டிகையைத்தான் நாவலில் எழுத வேண்டும். மற்றதெல்லாம் பலகாரப் பட்டியல்.