அரை மார்க்கும் ஒரு வெள்ளாடும்

மே மாதத்து வெயில் எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளின் முதுகில் கொதித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பெண், தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாளின் பின்புறத்தில் தன் பிற்கால வாழ்வு முழுவதையும் நாலு வரியில் கூட்டி எழுதிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். உயிரியலில் 96; அது குறையாமல் சேரும். இயற்பியலில் 88, அதில் பாதி 44. வேதியியலில் 93, அதில் பாதி 46.5. ஆக மொத்தம் 200-க்கு 186.5. கூட்டல் சரி என்று நான் சொன்ன பிறகும், "இன்னொரு தபா பாருங்க தாத்தா" என்றாளே தவிர, தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. இரண்டாம் முறை பார்த்தால் எண்கள் மனம் இரங்கிவிடும் என்று நினைத்தாள் போலும். துறைமுகத்தில் ஒப்பந்தக் கூலிக்குப் போகும் அவளுடைய தகப்பனார் வாசற்படியிலேயே நின்றபடி, "மாட்டு டாக்டருக்கு நீட்டு கேக்க மாட்டாங்களாமே, நெசமா சார்?" என்றார். நிஜந்தான் என்றேன். அன்றைக்கு அவருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

அந்த வார்த்தைக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டின் குணதோஷங்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு டாபின் ஹால் என்னும் கட்டடத்தில் தொடங்கி, 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, இந்தியாவிலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவத்துக்குப் பட்டம் வழங்கும் நிலைக்கு உயர்ந்த கல்லூரியும், அதற்கு நெடுங்காலம் பிந்தி நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களில் எழுந்த கல்லூரிகளும், 1989-இல் பிறந்து மாதவரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பல்கலைக்கழகத்தின் கீழ் இன்று இயங்குகின்றன. ஏழிலும் சேர்த்து 660 இடங்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் இடங்களை நீட் மதிப்பெண்ணைக் கொண்டு நிரப்புகிறார்கள். எஞ்சியவற்றுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, நேர்முகம் கிடையாது, சிபாரிசுக் கடிதம் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை மேற்சொன்ன விதமாகக் கூட்டி, தரவரிசைப்படுத்தி, 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டின்படி பங்கிட்டுவிடுகிறார்கள். ஜனங்கள் இதைக் 'கட்-ஆஃப்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் வேறு பெயர் தேடுவது வீண் வேலை. எங்கள் தெருவில் கருவாடு விற்கும் கிழவிக்கும் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியும்.

இவ்வளவு வறட்சியான ஓர் ஏற்பாட்டுக்கு நாம் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை மறந்துவிட்டு இதனைக் குறை கூறுவது நியாயமாகாது. தொழிற்கல்விச் சேர்க்கையில் நேர்முகத் தேர்வு கோலோச்சிய காலம் ஒன்று உண்டு. மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி எழுந்த பெரியகருப்பன் வழக்கில், நேர்முகத்துக்குரிய 75 மதிப்பெண்ணையும் இன்ன குணத்துக்கு இவ்வளவு என்று பிரித்து வழங்காமல் ஒரே மொத்தமாக வழங்கியதை உச்ச நீதிமன்றமே கண்டித்தது. எதிரில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் மாணாக்கனின் சுபாவத்தை அளந்தார்களா, அவனுடைய சட்டையை அளந்தார்களா, அல்லது அவனுடைய தகப்பனாரின் உத்தியோகத்தை அளந்தார்களா என்பதற்கு அந்த மொத்த எண்ணில் விடை கிடையாது. 1984-இல் நுழைவுத் தேர்வு வந்தபோது பட்சபாதம் ஒழிந்தது என்று பலரும் மகிழ்ந்தார்கள். ஆனால் சில வருஷங்களுக்குள் பயிற்சி நிலையம் என்னும் புதிய வியாபாரம் நகரங்களில் வேர்விட்டு, அங்கே கட்டணம் செலுத்த முடிந்தவனுக்குப் பரீட்சையும், முடியாதவனுக்குப் பரீட்சையைப் பற்றிய பயமும் மிஞ்சின. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த நுழைவுத் தேர்வை நீக்கியதை, இன்று நினைத்தாலும் துணிவான காரியம் என்றே சொல்வேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதனால் கிடைத்தது என்ன என்று கேட்பவர்கள், ஒரு மாலைப் பொழுதில் கத்திவாக்கத்துச் சந்துகளில் நடந்து பார்க்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, வாசல் விளக்கின் கீழ் உட்கார்ந்து படிக்கும் பெண், தன் பள்ளிக்கூடத்தில் தான் படித்த புத்தகத்தைத் தவிர வேறொன்றையும் படிக்காமலே ஒரு தொழிற்கல்லூரியின் வாயிலை எட்டலாம் என்பது சாமானியமான சலுகையன்று. இத்துடன், 2021-இல் வந்த சட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கென 7.5 விழுக்காடு இடங்களை முன்னுரிமையாக ஒதுக்கியிருப்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்த வாசற்படி இன்னும் சற்றுத் தாழ்ந்திருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

இனித் தோஷங்களுக்கு வருவோம். எண் என்பது பார்வைக்குத் துல்லியமாக இருப்பதால், அது அளக்கும் பொருளும் துல்லியமாக இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். வேதியியலில் ஒரு மார்க் கேள்விக்கு விடையைத் தவறாகக் குறித்தால் அரை மார்க் போகிறது. அந்த அரை மார்க்கில் எத்தனையோ பேர் முன்னே போய்விடுகிறார்கள். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று பங்கிட்டிருக்கும் திட்டத்தில், பள்ளிகளின் கையிலிருக்கும் முப்பதும் பெரும்பாலும் தாராளமாக வழங்கப்படுவதால், பிள்ளைகளைப் பிரித்துக் காட்டும் பொறுப்பு மூன்று மணி நேர எழுத்தின் தலையில் விழுகிறது. அந்த ஒற்றைத் தூணும் 2021-இல் இல்லாமற் போயிற்று. பெருந்தொற்றினால் பொதுத் தேர்வு ரத்தாகி, பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றாம் வகுப்புக்கு 20, பன்னிரண்டின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்று பின்னிய ஒரு மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு அந்த வருஷத்துப் பிள்ளைகள் கல்லூரிக்குள் பிரவேசித்தார்கள். பதினைந்து வயதில் ஜியோமெட்ரியில் தடுமாறியதன் பலனை ஒருவன் பதினெட்டு வயதில் மாட்டு வைத்தியத்தில் அனுபவித்திருக்கக்கூடும்.

இவை சிறு தோஷங்கள். பெரியது வேறு. மனித வைத்தியத்துக்கு இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கி நிற்கும் தாழ்வாரமாக இந்தப் படிப்பைக் கருதும் மனோபாவம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. மருத்துவக் கலந்தாய்வு முடிந்ததும் இங்கே சேர்ந்தவர்களில் சிலர் அங்கே போய்விடுவதும், அவர்கள் விட்ட இடத்துக்கு மறு சுற்று நடப்பதும் வாடிக்கை. போகிறவர்களைவிட, போக முடியாமல் இங்கேயே தங்கிவிடுபவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உட்பயிற்சியும் கொண்ட இந்தக் கல்வியில், தோள்வரை நீண்ட உறையை மாட்டிக்கொண்டு மாட்டின் மலக்குடலுக்குள் கையை விட்டுக் கர்ப்பப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும். இறைச்சிக் கூடத்தைச் சோதிக்க வேண்டும். கோழித் தீவனத்தின் கணக்கும், பாலின் கொழுப்புக் கணக்கும் தெரிய வேண்டும். கால்நடை மருத்துவம் என்றவுடன் மடியில் கிடக்கும் நாய்க்குட்டியை நினைத்துக்கொள்ளும் பிள்ளைக்கும், ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதையைப் படித்து மனம் கரைந்த பிள்ளைக்கும், அதே கல்லூரியில் படித்த டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி அழுகிய யானை உடல்களின் நடுவே நின்று பிரேதப் பரிசோதனை செய்தவர் என்பது மூக்கினால் தெரிந்ததாக இருக்காது. 186.5 என்னும் எண்ணுக்கு மூக்குக் கிடையாது.

அங்ஙனமாயின் மேல்நாட்டாரைப் பின்பற்றலாமே என்பார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விண்ணப்பதாரர் பண்ணையிலோ மிருக வைத்தியரிடமோ கொஞ்ச காலம் கூடமாட இருந்து வேலை பார்த்திருக்க வேண்டும் என்று கல்லூரிகள் எதிர்பார்ப்பது உண்மை. படிக்கும்போது எவ்வளவு நியாயமாகத் தோன்றுகிறது! ஆனால் அதை நம் ஊரில் கொண்டுவந்து வையுங்கள். எருமை கட்டிய வீட்டில் பிறந்து, கன்று தலைகீழாக வரும்போது விளக்குப் பிடித்த எண்ணூர்ப் பெண்ணுக்கு அந்த அனுபவத்தைக் கடிதத்தாளில் எழுதிக் கொடுக்க யாரிருக்கிறார்கள்? அனுபவம் அவளிடம் இருக்கும். சான்றிதழ், தெரிந்த டாக்டர் வீட்டுப் பிள்ளையிடம் இருக்கும். இரண்டே வருஷத்தில் அந்தச் சான்றிதழுக்கு ஒரு விலை ஏற்பட்டு, மூன்றாம் வருஷத்தில் அதற்கும் ஒரு பயிற்சி நிலையம் திறந்துவிடுவார்கள். ஆகவே, மதிப்பெண்ணோடு வேறெதையும் கூட்டக் கூடாது என்பதே என் முடிவான அபிப்பிராயம். இந்த ஏற்பாடு பிள்ளையிடம் கேட்காமல் விட்டதெல்லாம் சரியே. அது பிள்ளைக்குச் சொல்லாமல் விட்டதுதான் தவறு.

இதை நான் உணர்ந்தது ஒரு வெள்ளாட்டினால். மேலே சொன்ன பெண்ணின் வீட்டு ஆட்டைத் தெருநாய்கள் தொடையில் கடித்துக் குதறிவிட்டன. குட்டியானை என்று ஜனங்கள் செல்லப் பெயரிட்ட சிறு வண்டியில் ஆட்டையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு, திருவொற்றியூர், தண்டையார்பேட்டை வழியாக வேப்பேரிக் கல்லூரியின் மருத்துவமனைக்குப் போனோம். காலை நேரம். பினாயில், சாணம், ஈரமான நாய் ரோமம் எல்லாம் கலந்த ஒரு வாசனை, மூச்சிரைக்கும் லாப்ரடார் ஒன்று, கூண்டுக்குள் கிளி, சற்றுத் தள்ளி, வயிறு உப்பி, கண் சொருகி நின்ற ஒரு பசு. இந்தப் பல்கலைக்கழகத்து மருத்துவர்கள்தாம் 2019-இல் திருமுல்லைவாயிலிலிருந்து வந்த பசுவொன்றின் வயிற்றைத் திறந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தவர்கள். அதை நான் சொன்னபோது அவள், "அம்பத்திரண்டு கிலோவா? எங்க அம்மா வெயிட்டு தாத்தா" என்றாள்.

ரப்பர் பூட்ஸ் அணிந்த பயிற்சி மருத்துவர் ஒருவர், அவளைவிட ஐந்தாறு வயதே மூத்தவர், காயத்தைச் சுற்றி ரோமத்தை மழித்துக்கொண்டே, "கொம்பைப் புடிக்காதம்மா, துள்ளும். தாடைக்குக் கீழ கை குடு" என்றார். அவள் கையை மாற்றினாள். ஆடு அடங்கியது. கிழிந்த தோலுக்கு அடியில் வெளிறிய தசையும், அதன் மேல் ஒட்டியிருந்த மணலும் தெரிந்தன. மருந்து நீரைப் பீய்ச்சிக் கழுவக் கழுவ மணல் வந்துகொண்டேயிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் திருப்பவில்லை. தையல் ஊசி ஏன் வளைந்திருக்கிறது என்று கேட்டாள். பதில் கிடைத்ததும் அடுத்த கேள்வி தயாராக இருந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணெய்க் கழிவு முகத்துவாரம் வரையில் படர்ந்து, மீனவர்கள் வாளியும் குவளையுமாக அதை அள்ளிக்கொண்டிருந்த நாட்களில், சிறகு முழுதும் கறுத்துப் பறக்க மாட்டாமல் உட்கார்ந்திருந்த கூழைக்கடாக்களை அவள் பார்த்திருக்கிறாள். அந்த எண்ணெயை எதைக் கொண்டு கழுவுவது, கழுவினால் பறவை பிழைக்குமா என்று இரண்டு வருஷமாக மனத்தில் வைத்திருந்ததை அன்று கேட்டுவிட்டாள். பயிற்சி மருத்துவர் ஊசியை நிறுத்தி, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தையே வெதுவெதுப்பான நீரில் கலந்து கழுவுவார்கள் என்றும், கழுவுவதைக் காட்டிலும் பறவையைக் குளிரில் விறைக்காமல் காப்பாற்றுவதுதான் கஷ்டம் என்றும் பொறுமையாகச் சொன்னார்.

அந்த முக்கால் மணி நேரத்தில் அவள் கற்றுக்கொண்டது ஆட்டைப் பற்றி மாத்திரமன்று; இந்தப் படிப்பு எப்படிப்பட்டது என்பதையுந்தான். மற்றப் பிள்ளைகளுக்கும் இது எட்டாத காரியமன்று. மாதவரம் எங்களுக்குப் பேருந்துத் தூரம். வேப்பேரியோ மின்சார ரயிலில் சென்ட்ரலில் இறங்கினால் நடக்கும் தூரம். பொதுத் தேர்வு முடிந்து விண்ணப்பம் தொடங்குவதற்குள் இருக்கும் வாரங்களில், விருப்பமுள்ள பிள்ளைகள் எவராயினும் வந்து நாலு நாள் ஓரமாக நின்று பார்க்கலாம் என்று கல்லூரிகள் கதவைத் திறந்து வைத்தால் போதும்; அதற்கு மதிப்பெண்ணும் வேண்டாம், வருகைப் பதிவும் வேண்டாம், சான்றிதழ் அறவே வேண்டாம். பார்த்த பிறகு பாதிப் பேர் ஓடிப்போவார்களானால், அந்தப் பாதியின் இடத்தில் அரை மார்க்கில் நின்றுபோன வேறொருவன் வந்து உட்காருவான். கல்லூரிக்கோ செலவு, சில நாற்காலிகளும் ஒரு குடிநீர்க் குழாயும். இதற்கு நோய்த்தொற்று, பொறுப்பு, பாதுகாப்பு என்று ஆட்சேபங்கள் எழும் என்பதை அறிவேன். ஆடு பிடிக்க வந்தவர்களை அனுமதிக்கும் கூடத்தில், ஆடில்லாமல் வந்தவர்களை அனுமதிப்பதில் என்ன புதிய அபாயம் என்று மட்டும் எனக்கு விளங்கவில்லை.

திரும்பும் வழியில் தகப்பனார் வண்டியின் முன்னிருக்கையிலிருந்து, "எப்ப சார் லிஸ்ட்டு வுடுவாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். பின்னால் அவள் ஆட்டின் கழுத்தை மடியில் வைத்துக்கொண்டு, கட்டின் மேல் ஈ உட்காராமல் துப்பட்டாவால் விசிறிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை கட்டு மாற்ற வேண்டும். நான் வரத் தேவையில்லை என்றும், எங்கே டோக்கன் வாங்க வேண்டும் என்பது தனக்குத் தெரிந்துவிட்டது என்றும் சொன்னாள்.