இரட்சணிய யாத்திரிகத்தில் இறையறிவின் வளர்ச்சி

முன்னுரை

எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827-1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் குறித்த திறனாய்வுகள் பெரும்பாலும் இரு திசைகளிலேயே சென்றுள்ளன. ஒன்று, வைணவக் குடும்பத்திற் பிறந்து கிறித்தவம் தழுவிய ஆசிரியரின் சமயமாற்றத்தை நூலுள் தேடுவது. மற்றொன்று, அவரைக் ‘கிறித்தவக் கம்பர்’ எனக் கொண்டு சொல்லாட்சியையும் யாப்பமைதியையும் ஒப்பிடுவது. இவ்விரண்டும் பயனுடையனவே. எனினும் நூலின் நடுநாயகமான வினா இவற்றுள் அடங்கவில்லை. மனந்திரும்பிய பின்னர் அடியவன் என்ன ஆகிறான்? அறிந்த இறைவனை மேலும் அறிதல் என்பது யாது? இவ்வினாவை முன்வைத்து நூலின் அமைப்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாரம் இறங்கிய பின்

இந்நூலுக்கு முதனூல், ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678-ஆம் ஆண்டு வெளியிட்ட உருவகக் கதையின் முதற்பகுதி. அதில் முதுகிற் சுமையோடு புறப்படும் பயணி சிலுவையின் முன் நிற்கும்போது சுமை தானே கழன்று வீழ்கிறது. மீட்பைப் பற்றிய கதையாயின் அவ்விடத்திலேயே அது முடிந்திருக்கலாம். ஆனால் அந்நிகழ்ச்சி நூலின் நடுப்பகுதிக்கு வெகு முன்னரே வந்துவிடுகிறது. குன்றேற்றம், பகைவனோடு போர், இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கு, மாயச் சந்தை, ஐயக் கோட்டைச் சிறை, இறுதியில் ஆறு ஆகிய அனைத்தும் அதன் பின்னரே நிகழ்கின்றன. சுமை நீங்கியவனுக்கே இவ்வளவு வழி எஞ்சியிருக்கிறது.

தமிழ்க் காப்பியத்திலும் இவ்விகிதம் பேணப்பட்டுள்ளது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாகப் பகுக்கப்பட்ட 3,766 பாடல்களில், கிறித்துவின் பாடுகளைக் கூறும் இரட்சணிய சரிதப் படலம் இரண்டாவதான குமார பருவத்திலேயே அமைகிறது. அதன்பின் மூன்று பருவங்கள் உள்ளன. எனவே இதனைச் சமயமாற்றக் காப்பியம் என்று மட்டும் சுட்டுவது நூலின் பெரும்பகுதியைக் கணக்கில் கொள்ளாத கூற்றாகும்.

ஆசிரியர் வரலாறும் இக்கருத்துக்கு அரண் செய்கிறது. அவர் திருமுழுக்குப் பெற்றது 1858-இல். நூல் முழுமையாக வெளிவந்தது 1894-இல். இடைப்பட்டவை முப்பத்தாறு ஆண்டுகள். நூல் வடிவம் பெறுமுன் ‘நற்போதகம்’ என்னும் மாத இதழில் இது பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்தது. அண்மையில் மதம் மாறிய ஒருவரின் முதல் வேகம் இத்தகைய நூலைத் தந்திருக்க இயலாது. நெடுங்காலம் அந்நெறியில் நடந்து முதுமை எய்திய ஒருவரின் நூல் இது.

பருவம் என்னும் பகுப்பு

பலவகையில் கம்பரைப் பின்பற்றும் ஆசிரியர், காண்டம் என்று பகுக்காமல் பருவம் என்று பகுத்திருப்பது கருதத்தக்கது. பாரத நூல்களின் பகுப்பில் இச்சொல் வடமொழி ‘பர்வம்’ என்பதன் வழி வந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தமிழ்ச் செவிக்குப் பருவம் என்பது முதன்மையாக வளர்ச்சியின் படிநிலையையே உணர்த்தும். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களும் உலாவின் எழுவகைப் பருவங்களும் இவ்வழக்கை நிலைநிறுத்தியுள்ளன. ஆசிரியர் இதனைக் கருதியே பெயரிட்டார் என நிறுவச் சான்றில்லை. எனினும் நூலைப் பயில்வோர்க்கு இப்பொருள் தோன்றுவது இயல்பேயாகும். நூலின் பொருளுக்கும் அது பொருந்துகிறது.

வளரும் தலைவன்

பெருங்காப்பியத் தலைவன் ஒப்பாரில்லாதவனாக இருத்தல் வேண்டும் என்பது தண்டியலங்காரம் கூறும் இலக்கணம். இரட்சணிய யாத்திரிகத்தின் பயணியோ குறையுடையவனாகவே அறிமுகமாகிறான், வழிதவறுகிறான், அஞ்சுகிறான், உறங்கிப் பின் வருந்துகிறான். இதனால் இந்நூல் காப்பிய இலக்கணத்திற்கு முற்றும் இயையவில்லை என்று கூறலாம். கிறித்துவே தலைவர் எனக் கொண்டு அக்குறையைக் களைவாரும் உண்டு.

இவ்விரு கருத்துகளையும் இணைத்துக் காண்பதே பொருத்தமாகும். முதனூலில் மிகச் சுருங்கிய சிலுவைக் காட்சியைக் கிருட்டிணபிள்ளை பாடுகளின் வரலாறாக விரித்தமைக்குக் காரணம் இங்கு விளங்கும். ஒப்பாரில்லாத தலைவர் ஒருவர் காப்பியத்தினுள் இடம்பெற்றுவிடுகிறார். அவர் வளர்வதில்லை, அறியப்படுகிறார். பயணி ஒப்புயர்வற்றவன் அல்லன். அவன் அறிந்து வளர்கிறான். ஒருவரை மற்றவர் அறிந்துகொண்டே செல்வதே காப்பியத்தின் கதைப்போக்கு. கம்பரின் இராமனுக்குத் தேவைப்படாத ஒரு வளர்ச்சி இங்குக் கதையின் உயிராகிறது.

அறிவு எத்தகையது?

இவ்வறிவு செய்திகளைச் சேர்த்தல் அன்று. எபிரேய வேதத்தில் அறிதலைக் குறிக்கும் ‘யாதா’ என்னும் வினை, கணவன் மனைவியரின் நெருக்கத்தையும் குறிப்பது. பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, பல்லாண்டு ஊழியத்திற்குப் பின்னும், கிறித்துவை அறிய வேண்டும் என்பதையே தம் விருப்பமாகக் கூறுகிறார்; தாம் இன்னும் இலக்கை அடைந்துவிடவில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார். பேதுருவின் இரண்டாம் நிருபம் அருளிலும் அறிவிலும் வளரும்படி பணித்தே முடிவுறுகிறது.

பனியன் இக்கருத்தை மூன்று காட்சிகளாக அமைத்துள்ளார். ஐயக் கோட்டையில் அடைபட்டுத் தற்கொலை எண்ணம் வரை தள்ளப்பட்ட பயணி, வாக்குறுதி என்னும் திறவுகோல் தன் மடியிலேயே இருந்ததைப் பிந்தி உணர்கிறான். புதிதாக எதுவும் அவனுக்குத் தரப்படவில்லை. முன்னரே பெற்றதை அப்போதுதான் அறிகிறான். அடுத்து வரும் இனிய மலைகளில் மேய்ப்பர் நால்வருள் ஒருவனுக்கு அறிவு என்றே பெயர். மற்றொருவனுக்கு அனுபவம் என்று பெயர். அவர்கள் தரும் கண்ணாடி வழியே வானகரின் வாயிலைக் காண முயலும்போது பயணிகளின் கை நடுங்குகிறது. காட்சி தெளிவாக அமையவில்லை. அறிவு வளர்ந்த இடத்திலும் நடுக்கம் நீங்கவில்லை என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. இதற்கு மறுதலையாக, அறியாமை என்னும் பெயருடையவன் ஐயமோ நடுக்கமோ இன்றி நடந்து வாயில்வரை வந்து விலக்கப்படுகிறான். தான் அறிந்தது போதும் என்னும் நிறைவே அவன் குறை.

காப்பிய நடையின் எல்லை

இவ்வளர்ச்சியைக் கிருட்டிணபிள்ளை முழுமையாகப் புலப்படுத்தினாரா என்பதும் ஆராயத்தக்கது. பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபோர்டுச் சிறையில் இருந்த பனியனின் உரைநடை எளிய மக்களின் பேச்சை ஒட்டியது. பயணியின் தடுமாற்றம் அவன் பேச்சிலேயே வெளிப்படும். விருத்தப்பாவின் செம்மாந்த நடையிலோ தொடக்கத்தில் கலங்குபவனும் இறுதியில் தெளிந்தவனும் ஏறத்தாழ ஒரே மொழியில் பேசுகின்றனர். நடையின் சிறப்பே ஒரு வகையில் தடையாகிவிடுகிறது.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்பவை, இடையிடையே அமைந்த தேவாரம் என்னும் இசைப்பாடல்கள். அவற்றில் கதை கூறும் குரல் விலகி, இறைவனை முன்னிலைப்படுத்தி மன்றாடும் குரல் ஒலிக்கிறது. காப்பியத்தை முழுதும் பயிலாத கிறித்தவரும் இப்பாடல்கள் வழியே ஆசிரியரை அறிவர். வளர்ச்சியை எடுத்துரைப்பதைவிட அதனை வேண்டி நிற்பது இங்கு மிகுதியான உண்மையுடன் அமைந்துள்ளது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், இரட்சணிய யாத்திரிகம் ஒருவன் கிறித்தவன் ஆனதைக் காட்டிலும் கிறித்தவனாக நடந்துகொண்டிருப்பதையே விரிவாகப் பாடுகிறது என்பது பெறப்படும். பகுப்பு முறை, இரு தலைவர் அமைப்பு, பாடுகளின் விரிவு ஆகிய மூன்றும் இந்நோக்கில் ஒன்றோடொன்று இயைகின்றன. சமயமாற்றத்தை மட்டும் தேடும் ஆய்வு, நூலாசிரியரை 1858-ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிடுகிறது. அவரோ அதன்பின் முப்பத்தாறு ஆண்டுகள் நடந்தவர். பிற்பருவங்கள் மூன்றும் இனித் தனித்தனியே விரிவான ஆய்வுக்கு உட்படுத்தப்பட வேண்டும்.