தீப்பெட்டிப் படமும் சாதிச் சான்றிதழும்: திருவள்ளூர் வட்டாரச் சாமானியர் பற்றிய ‘உண்மைக் கதை’ எழுத்துகள்

ஆய்வுச் சுருக்கம்

சிற்றூர், சிறுநகர் சார்ந்த எளிய மனிதர்களைப் பற்றிய ‘உண்மைக் கதை’கள் தமிழில் மிகுதியாக எழுதப்படுகின்றன. அவற்றின் உண்மைத்தன்மை எதனால் நிறுவப்படுகிறது என்னும் வினாவைத் தமிழ்மகனின் வெட்டுப்புலி நாவலை முதன்மையாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ஜெயமோகனின் அறம் தொகுதியும், திருத்தணி வட்டார இருளர் குறித்த பாரி ஆவணக்காப்பகக் கட்டுரைகளும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

முதன்மைச் சொற்கள்: உண்மைக் கதை, சாமானியர், வெட்டுப்புலி, இருளர், ஆவணம், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி

உண்மை என்னும் உறுதிமொழி

2011இல் நூலாக வெளிவந்த அறம் தொகுதி ‘உண்மை மனிதர்களின் கதைகள்’ என்ற அடையாளத்தைத் தாங்கி வந்தது. அதே உறுதிமொழியோடு வரும் எழுத்துகள் இன்று வார இதழ்த் தொடர்களிலும் நூல்களிலும் நிறைந்துள்ளன. பேருந்து நடத்துநர், தேநீர்க்கடைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர் போன்றோர் அவற்றின் நாயகர்கள். வாசகர் கண் கலங்குகிறார், கதை முடிகிறது. திறனாய்வாளர் இவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தினாலும் ‘மிகையுணர்ச்சி’ என்ற ஒரு சொல்லோடு ஒதுக்கிவிடுகின்றனர். சிக்கல் உணர்ச்சியின் அளவில் இல்லை. எதைச் சான்றாகக் கொண்டு ஒரு கதை தன்னை உண்மை என்று சொல்லிக்கொள்கிறது என்பதில் இருக்கிறது.

அறம் தொகுதியில் இடம்பெறும் ‘சோற்றுக்கணக்கு’ கதையின் கெத்தேல் சாகிப் திருவனந்தபுரத்தில் சோற்றுக்கடை நடத்துகிறார். உண்டவரிடம் அவர் பணம் கேட்பதில்லை. உண்டியலில் விழுவதை எண்ணிப் பார்ப்பதுமில்லை. இக்கதை அவருடைய பெருந்தன்மையால் நினைவில் நிற்பதாகவே பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் கதையின் தலைப்பிலேயே கணக்கு இருக்கிறது. பசித்த மாணவனுக்குக் கையிலிருக்கும் காசு, உறவினர் வீட்டுச் சோற்றுக்கு அவன் செலுத்தும் விலை, பின்னாளில் அவன் உண்டியலில் போடும் பணம் ஆகியவற்றின் மீதுதான் சாகிப்பின் அறம் நிற்கிறது. கணக்கை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு நல்லவர் பற்றிய செய்தி மட்டுமே. இக்கதையின் வழியில் எழுதப்பட்ட பல ‘உண்மைக் கதை’கள் பெருந்தன்மையை எடுத்துக்கொண்டன, கணக்கை விட்டுவிட்டன. அறம் தொகுதிக்கும் ஓர் எல்லை உண்டு. அதில் வரும் மனிதர்களுட் பெரும்பாலோர் சாமானியத்தைக் கடந்து உயர்ந்ததனாலேயே கதைக்குரியவராகின்றனர். அவ்வாறு உயராத மனிதருக்குக் கதை உண்டா என்ற வினாவை இத்தொகுதி பெரிதாக எழுப்பவில்லை.

படத்தில் இருப்பவர் யார்?

2009இல் வெளிவந்த வெட்டுப்புலி இவ்வினாவை வேறொரு வழியில் அணுகுகிறது. சிறுத்தையை எதிர்த்து நிற்கும் ஒரு மனிதனின் படம் பொறித்த தீப்பெட்டி தமிழ்நாட்டின் அடுக்களைதோறும் புழங்கியது. அதை விற்பனை செய்த விம்கோ நிறுவனத்தின் சென்னை ஆலை திருவொற்றியூரில் இருந்தது. அப்பகுதிக்கு விம்கோ நகர் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. படத்தில் இருப்பவர் திருவள்ளூர் வட்டாரத்தைச் சேர்ந்த சின்னா ரெட்டி என்னும் வாய்மொழிச் செய்தியைப் பற்றிக்கொண்டு, இன்றைய தலைமுறை இளைஞர் அவரைத் தேடிப் புறப்படுவதாக நாவல் அமைகிறது.

கோடிக்கணக்கான கைகளில் புழங்கிய ஒரு முகத்திற்குப் பெயர் இல்லை. வணிகச் சின்னம் மனிதனின் வீரத்தை எடுத்துக்கொண்டு, அவனது ஊரையும் குடும்பத்தையும் விட்டுவிடுகிறது. மனதைத் தொடும் கதைகள் பலவும் தம் நாயகருக்குச் செய்வது இதையேதான். தமிழ்மகன் எதிர்த்திசையில் நடக்கிறார். படத்திலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து குடும்பங்களுக்கும், குடும்பங்களிலிருந்து 1930கள் தொடங்கிய திராவிட இயக்க அரசியலுக்கும் கதை பத்தாண்டு பத்தாண்டாக விரிகிறது. இதனால் லட்சுமண ரெட்டி போன்ற ஒருவர் தியாகியாகவோ துரோகியாகவோ ஆகாமல், கூட்டம் கேட்டு, பத்திரிகை படித்து, வீட்டிற்குள் முரண்பட்டு வாழ்ந்த மனிதராகவே நிற்க முடிகிறது. சிறுத்தை கொல்லப்பட்ட நிகழ்ச்சியைவிட அதன் பின்னர் நீளும் அன்றாடமே நாவலில் வலுவாக அமைந்துள்ளது. தேடும் இளைஞரின் உரையாடல்கள் சில இடங்களில் தகவல் உரைக்கும் கருவியாகச் சுருங்கிவிடுவதையும் குறிப்பிட வேண்டும்.

இந்நிலப்பரப்பின் வரலாறும் அத்தகைய அன்றாடத்தைக் கோருவதாகவே உள்ளது. சென்னையின் குடிநீருக்காகக் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் பயன்பாட்டிற்கு வந்தது. வடக்கெல்லைப் போராட்டத்திற்குப் பின் திருத்தணி 1960இல் தமிழ்நாட்டோடு இணைந்தது. வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் இங்கு ஏராளம். அத்தகைய வீடுகளுக்குள் திராவிட இயக்கம் நுழைந்த விதத்தைக் கொள்கை நூல்களைக் காட்டிலும் ஒரு குடும்பக் கதை நெருக்கமாகச் சொல்லிவிடும்.

கொள்ளுப்பேரன் இல்லாதோர்

எனினும் தேடலுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. தேடுவதற்கு ஒரு கொள்ளுப்பேரன் வேண்டும். அவனுக்கு வீடு, நிலம், உறவுமுறை, பெயர்வரிசை வேண்டும். நாவல் மையப்படுத்துவது நிலவுடைமைக் குடும்பங்களின் நினைவை. அங்குச் ‘சாமானியர்’ என்பவர் அதிகாரம் அற்றவராக இருக்கலாம். வம்சாவளி அற்றவர் அல்லர்.

அதே மாவட்டத்தில் வாழும் இருளருக்கு நேர்வது நேர்மாறானது. இருளர் பட்டியல் பழங்குடியினர். நலிவுற்ற நிலையிலுள்ள பழங்குடிகளுள் ஒன்றாகவும் அறிவிக்கப்பட்டவர்கள். ஆயினும் சாதிச் சான்றிதழ் பெறுவது அவர்களுக்கு நெடுநாள் அலைச்சல். பழங்குடியினர்க்கான சான்றிதழை வழங்க வேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியர். பெற்றோரிடமோ நெருங்கிய உறவினரிடமோ முன்பே சான்றிதழ் இருந்தால் வழி எளிது. குடும்பத்தில் முதன்முதலாக விண்ணப்பிப்பவர் தம் முன்னோர் யார் என்பதை எதைக் காட்டி மெய்ப்பிப்பார்? செங்குன்றம் பகுதி அரிசி ஆலைகளிலும் மாவட்டத்தின் செங்கற்சூளைகளிலும் முன்பணத்திற்குக் கட்டுப்பட்டு இடம்மாறி உழைத்த குடும்பங்களுக்கு நிலையான முகவரியே அரிது. வெட்டுப்புலியில் இலக்கியச் சுவையாக அமையும் ‘தாத்தா யார்?’ என்ற கேள்வி, இங்கே ஒரு குழந்தையின் படிப்பைத் தீர்மானிக்கும் அலுவலகக் கேள்வியாகிறது.

2014இல் பி. சாய்நாத் தொடங்கிய பாரி இணைய ஆவணக்காப்பகத்தில் ஸ்மிதா துமுலூரு திருத்தணி வட்டாரத்துப் பங்களாமேடு இருளர் குடியிருப்பைப் பற்றி எழுதிய கட்டுரைகள் இவ்விடைவெளியில் வைத்துப் படிக்கத்தக்கவை. உச்சக்காட்சி எதுவும் இல்லாமல் உணவு, வேலை, கூலி, குடியிருப்பு என்றே அவை நகர்கின்றன. ஒருவர் உயர்ந்தவர் என்று மெய்ப்பிக்காமலேயே அவரைப் படிக்கத் தகுந்தவராக்குவதால், மேலே குறித்த கணக்கு இங்கு மீண்டு வருகிறது.

ஆனால் தமிழாய்வு கருத வேண்டிய ஒன்று இங்கு உள்ளது. இக்கட்டுரைகள் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. தமிழ் வாசகருக்குக் கிடைப்பது மொழிபெயர்ப்பு. பங்களாமேட்டில் தமிழில் பேசியவரின் சொல் ஆங்கிலமாகி, மீண்டும் பொதுத்தமிழாகி அதே மாவட்டத்திற்குத் திரும்புகிறது. எலிவளை தோண்டும் முறைக்கும் மண்ணின் வகைக்கும் அவர்கள் வழங்கும் சொற்கள், வட்டார வழக்கின் ஓசை, ஒருவரையொருவர் விளிக்கும் முறை ஆகியவை இருமுறை வடிகட்டப்படுகின்றன. மொழிபெயர்ப்பாளரின் குறை அன்று இது. அச்சொற்களை நேரடியாகத் தமிழில் கேட்டு எழுதுவோர் குறைவாக இருப்பதன் விளைவு.

கும்மிடிப்பூண்டிப் பகுதிக்கு வரும்போது இக்குறை மேலும் கடுமையாகிறது. சிப்காட் ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர் பலருக்குத் தமிழ் தாய்மொழி அன்று. இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தமிழ் தாய்மொழி, குடியுரிமை இல்லை. தேர்வாய் கண்டிகையில் மேய்ச்சல் நிலத்தில் தொழிற்பூங்கா அமைக்கப்பட்டபோது அவ்வூர்த் தலித் மக்கள் எதிர்த்துப் போராடினர். மேய்ச்சல் புறம்போக்கிற்குத் தனியொருவர் பெயரில் பட்டா கிடையாது. எனவே அதை இழந்தவரிடம் இழந்தமைக்கான ஆவணமும் கிடையாது. அங்கே மாடு ஓட்டிச் சென்றோர் சொல்லும் சொல் மட்டுமே உண்டு.