முதல் 24 மணி நேரம்

2025 டிசம்பர் கடைசியில் திருத்தணியின் பெயர் நாடு முழுக்கப் பரவியது. முருகனால் அல்ல, ஒரு வீடியோவால். மின்சார ரயிலில் வந்த வடமாநிலத் தொழிலாளி ஒருவரை நான்கு பையன்கள் ரீல்ஸுக்காகக் கத்தியைக் காட்டி மிரட்டினார்கள். பிறகு ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அவரை வெட்டி, அதையும் படமெடுத்துப் போட்டார்கள். நால்வருக்கும் வயது 17. மூவர் செங்கல்பட்டு சிறார் இல்லத்துக்கு அனுப்பப்பட்டார்கள். ஒருவன் படிப்பைக் கருதி ஜாமீனில் விடப்பட்டான். வெட்டு எவ்வளவு கோபத்தைக் கிளப்பியதோ, அந்த ஜாமீனும் அவ்வளவு கிளப்பியது. 'கை காலை உடைத்து மாவுக்கட்டு போட்டு அனுப்பியிருக்க வேண்டாமா?' என்று கேட்காத டீக்கடை இல்லை. போலீஸ் கழிப்பறையில் 'வழுக்கி விழுந்தவர்கள்' படத்தைப் பார்த்துக் கைதட்டப் பழகிய மாநிலம் இது.

ஜாமீன் கொடுத்தது யாருடைய கருணையும் அல்ல. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி சிறாருக்கு ஜாமீன்தான் விதி. கெட்ட சகவாசத்தில் மறுபடி விழுவான், அவனுக்கே ஆபத்து, நீதிக்குக் கேடு என்று தோன்றினால் மட்டுமே மறுக்கலாம். அவர்களைப் பெரியவர்களாகக் கருதி விசாரிக்கச் சொன்னவர்களும் உண்டு. 16 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த வழி இருக்கிறது. ஆனால் குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு என்றுள்ள கொடுங்குற்றங்களுக்கு மட்டும். கொலை முயற்சிக்கு அப்படிக் குறைந்தபட்சம் எதுவும் வகுக்கப்படாததால், அந்தக் குற்றம் மட்டும் என்றால் அந்தக் கதவு திறக்காது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது.

எழுத்தில் இந்தச் சட்டம் நல்ல சட்டம். சிறுவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கிடக் கூடாது. சீருடை இல்லாத அலுவலர்தான் பேச வேண்டும். பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். வாக்குமூலம் கொடுக்கும்படி வற்புறுத்தக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ரவுடிகள் 17 வயதுக்காரனைத் தேடிப் பிடித்துக் கையில் கத்தி கொடுக்கிறார்கள் என்று போலீஸார் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்கும் இதே சட்டத்தின் 83ஆம் பிரிவு, கத்தி கொடுத்த பெரியவனுக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் அபராதமும் வைத்திருக்கிறது. பையனின் வயதைப் பற்றிக் கத்துகிறவர்கள் இந்தப் பிரிவைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கோளாறு எங்கே என்றால், அந்த 24 மணி நேரத்தில். 'விசாரணைக்கு அழைத்துப் போனோம்' என்பது கைது ஆகாதாம். ராத்திரி எட்டு மணிக்குத் தூக்கியவனை மறுநாள் மதியம் பிடித்ததாக டைரியில் எழுதினால், கடிகாரம் மதியத்திலிருந்துதான் ஓடும். வாசலில் அம்மா ஆதார் ஜெராக்ஸோடு நிற்பாள். வயதை நிரூபிக்க ஆதார் போதாது. பள்ளிச் சான்றிதழோ, அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழோ வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உள்ளே நடப்பதைக் கேமரா பார்க்குமா? சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் அடித்துக் கொல்லப்பட்டபோது, ஸ்டேஷன் பதிவுகள் தினமும் தானாக அழிந்துவிடும்படி வைக்கப்பட்டிருந்ததாக விசாரணைக்குப் போன நீதித்துறை நடுவரே உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது.

ஸ்டேஷனைத் தாண்டிவிட்டால் பயமில்லை என்றும் சொல்ல முடியவில்லை. ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிக்கப்பட்ட தாம்பரத்துப் பையன் ஒருவன் 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசு இல்லத்தில் செத்தான். அடித்துக் கொன்றதாக ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். பிறகுதான் இந்த இல்லங்களைச் சீரமைக்க வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை அரசு நியமித்தது. அந்தப் பையனுக்கும் வயது 17.

பதற்றப் பகுதியில் சட்டம் இன்னும் சுருங்கிவிடும். காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்ட 2019 ஆகஸ்ட் 5க்குப் பிறகு அங்கே பிடிக்கப்பட்ட சிறார் 144 பேர் என்று உயர் நீதிமன்றக் குழு உச்ச நீதிமன்றத்துக்குச் சொன்னது. ஒன்பது வயதுப் பிள்ளையும் அதில் உண்டு. அந்தக் கணக்கைக் கொடுத்ததோ போலீஸ். பிடித்தவரிடமே பிடித்தது சரியா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?

சட்டம் இப்படிச் சுருங்குவது உச்சத்துக்குப் போன இடம் பாலஸ்தீனத்து மேற்குக் கரை. அங்கே 12 வயதிலிருந்தே பிள்ளைகள் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறார்கள். பெரும்பாலும் கல்லெறிந்த குற்றம். அதே மலைச்சரிவில் குடியேறிய இஸ்ரேலியரின் பிள்ளை கல்லெறிந்தால் சிவில் சட்டம். பத்தாண்டுகளில் சுமார் 7,000 சிறார் இப்படிப் பிடிக்கப்பட்டதாக யூனிசெஃப் 2013இல் கணக்கிட்டது. பிடிப்பது முதல் தண்டிப்பது வரை துன்புறுத்தல் ஓர் அமைப்பாகவே நடக்கிறது என்றது. இஸ்ரேல் எதுவுமே திருத்தவில்லை என்பதும் நியாயமாகாது. 2009இல் சிறாருக்குத் தனி ராணுவ நீதிமன்றம் வந்தது, 2011இல் சிறார் வயது 16லிருந்து 18 ஆனது. விசாரணையைப் பதிவு செய்யவும் 2014இல் உத்தரவு வந்தது. ஆனால் 'பாதுகாப்பு'க் குற்றங்களுக்கு அது கிடையாது. கல்லெறிவது பாதுகாப்புக் குற்றம்! பாதி ராத்திரியில் கண்ணைக் கட்டி ஜீப்பில் ஏற்றப்படும் பிள்ளைக்கு எது தேவையோ, அதை மட்டும் விட்டுவிட்டுச் செய்த திருத்தம் இது.

திருத்தணி மேற்குக் கரை அல்ல. இங்கே ராணுவச் சட்டம் இல்லை, கேள்வி கேட்கக் குழுமம் இருக்கிறது. ஆனால் பிடித்த நேரத்துக்கும் விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தும் நேரத்துக்கும் நடுவில் சாட்சி இல்லாத ஓர் இரவு அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. தண்டனையைக் கூட்டு என்று கேட்கிறவர்களும் சரி, குறை என்று கேட்கிறவர்களும் சரி, அந்த இரவை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள். வெட்டுப்பட்ட தொழிலாளிக்கும் நியாயம் கிடைக்க வேண்டும். அடித்து வாங்கிய வாக்குமூலத்தில் நிற்கும் வழக்கு அவருக்கு அதை வாங்கித் தராது.

உங்கள் தெருப் பையனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் அவன் அம்மாவோடு நீங்களும் போங்கள். பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணிக்குக் கூட்டி வந்தார்கள் என்பதை டைரியில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இலவச வக்கீலுக்கு 15100.